தாண்டிக்குளம் ரயில் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியாவில் குடியிருந்தால் ரயிலைப் பற்றிக் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கனடாவிலிருந்து லீவில் வரும் சொந்தக்காரர், வரலாற்றுப் பாடத்துக்குச் செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகள், புதிதாகக் காணி வாங்கிக் குடிவந்தவர்கள். ஆள் மாறினாலும் கேள்வி பெரிதாக மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தாண்டிக்குளம் ஸ்ரேசன் எங்கே இருக்கிறது?

வவுனியா டவுனுக்கு வடக்கே, ஏ9 வீதியை ஒட்டிய புறநகரில். விவசாயக் கல்லூரி இருக்கும் பக்கம் என்று சொன்னால் ஓட்டோக்காரருக்கு உடனே விளங்கும். தெற்கிலிருந்து வந்தால் மதவாச்சி, பூனாவ, ஈரற்பெரியகுளம், வவுனியா, அதற்கு அடுத்தது இது. இதைக் கடந்தால் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பிறகு பளை. முறிகண்டிக்கும் கிளிநொச்சிக்கும் நடுவே அறிவியல் நகர் என்று ஒன்று யுத்தத்துக்குப் பிறகு சேர்ந்தது.

இவ்வளவு சின்ன ஸ்ரேசனுக்கு வரலாறு என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. கட்டடத்தைப் பார்த்து அதைத் தேடினால் ஏமாந்து போவீர்கள், அவ்வளவுதான்.

வடக்குப் பாதையின் கதை முழுக்க ஒரே கேள்விதான் ஓடுகிறது: ரயில் எதுவரைக்கும் போகும்? 1902இல் யாழ்ப்பாணத்துக்காரரைக் கேட்டிருந்தால் "பளை வரைக்கும்" என்றிருப்பார். 1990க்குப் பிறகு கொழும்பில் கேட்டால் "வவுனியா வரைக்கும்". 2009 ஜூனில் "தாண்டிக்குளம் வரைக்கும்". 2011இல் "ஓமந்தை". முதலில் பாதை போட்டபோது கடைசியாக நிரப்பிய இடைவெளி வன்னி. பிறகு பாதை அறுந்து கால் நூற்றாண்டு கிடந்த இடைவெளியும் வன்னிதான். அந்த இடைவெளியின் தெற்கு விளிம்பில் இருப்பது தாண்டிக்குளம். பெரிய ஸ்ரேசன்களின் வரலாறு அங்கே வந்து போனவர்களைப் பற்றியது. இந்த ஸ்ரேசனின் வரலாற்றில் பாதி, இதற்கு அங்கால் போக முடியாமல் நின்றவர்களைப் பற்றியது.

முதன்முதலில் இந்தப் பக்கம் ரயில் எப்போது வந்தது?

1905இல். ஆனால் அந்த ஆண்டுக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லாவிட்டால் வெறும் பரீட்சை விடையாகிவிடும்.

இலங்கையில் முதல் ரயில் ஓடியது 1864 டிசம்பர் 27, கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு. கண்டிக்கு 1867இல் போய்ச் சேர்ந்தது. ஏன் அவ்வளவு அவசரம்? கோப்பி. பிறகு தேயிலை. தோட்டத்துரைமாரின் மூட்டைகள் துறைமுகத்துக்கு இறங்க வேண்டும், அதற்குத்தான் பாதை. வடக்கில் தோட்டம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மனு மேல் மனு போயும் வருசக்கணக்காக ஒன்றும் நடக்கவில்லை. பொல்காவலையிலிருந்து குருநாகலுக்கு 1894இல் ஒரு கிளை வந்ததோடு சரி.

குருநாகலிலிருந்து காங்கேசன்துறை வரை பாதை போடும் வேலை 1900இல் தொடங்கியது. இதை இரண்டு முனையிலிருந்தும் போட்டார்கள். காங்கேசன்துறையில் கடல்வழியாகச் சாமான் இறக்கலாம், குடாநாட்டில் சனமும் அடர்த்தி, போட்ட உடனேயே பயணிகள் கிடைப்பார்கள். அதனால் வடக்கு முனை முந்திக்கொண்டது. 1902 மார்ச் 11 அன்று யாழ்ப்பாணம்–காங்கேசன்துறை திறந்தது. அதே ஆண்டு ஜூலையில் சாவகச்சேரி, செப்டம்பரில் பளை. தெற்கிலிருந்து வந்த வேலை 1904 நவம்பரில்தான் மதவாச்சியைத் தொட்டது.

ஆக, ஏறத்தாழ மூன்று வருசம் குடாநாட்டுக்குள் ஒரு ரயில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே எங்கும் போகாத ரயில். மதவாச்சிக்கும் பளைக்கும் இடையில் காடு, குளம், மலேரியா, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடிகள். அந்தத் துண்டு முடிந்து, கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு முதல் ரயில் ஓடியது 1905 ஆகஸ்ட் 1. வவுனியா, தாண்டிக்குளம், ஓமந்தை எல்லாம் தண்டவாளத்தைக் கண்டது அந்தக் கடைசித் துண்டில்தான்.

ரயில் வந்ததால் வன்னிக்கு என்ன பயன்?

ஆரம்பத்தில் பெரிதாக இல்லை. ரயில் வன்னியைக் கடந்து போகத்தான் வந்தது, வன்னிக்கு வரவில்லை. அது மாறியது நீர்ப்பாசனத்தோடும் குடியேற்றத்தோடும். இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. 1930களின் நடுவில் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் வந்தது. குடாநாட்டில் காணியும் வேலையும் போதாமல் போன குடும்பங்கள் நெல் விதைக்க இறங்கி வந்தன. அதற்குப் பிறகுதான் வன்னி ஸ்ரேசன்களில் மூட்டை ஏற ஆரம்பித்தது. ஆனையிறவு உப்பு, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் சரக்கு, வடக்கே காங்கேசன்துறைச் சீமெந்து என்று கூட்ஸ் ரயில்களுக்கு வேலை கூடியது. ரயில்வேயைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் யாழ்தேவியைத்தான் பேசுவார்கள். உண்மையில் பாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது இந்தக் கூட்ஸ் ரயில்கள் என்பது என் அபிப்பிராயம்.

யாழ்தேவி எப்போது தொடங்கியது? இங்கே நிற்குமா?

1956 ஏப்ரல் 23. கொழும்புக் கோட்டைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடிய கடுகதி. கடுகதிக்கு வவுனியாவில் வேலை இருக்கும், தாண்டிக்குளத்தில் என்ன வேலை? இங்கே நின்றது மெதுவான ரயில்கள்தான்.

அந்தக் காலத்தில் ஸ்ரேசன்கள் எப்படி வேலை செய்தன?

பிள்ளைகள் அதிகம் ரசிக்கும் பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வடக்குப் பாதை ஒற்றைப் பாதை. போவதும் வருவதும் ஒரே தண்டவாளத்தில். இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாமல் தடுக்க 'ரப்லட்' என்று ஒரு முறை இருந்தது. அடுத்தடுத்த இரண்டு ஸ்ரேசன்களிலும் மின்கம்பியால் இணைத்த ஒரு பெட்டி இருக்கும். பெட்டிக்குள் வட்டமான உலோகத் தட்டுகள். ஒரு பக்கத்தில் ஒரு தட்டை வெளியே எடுத்துவிட்டால், அது திரும்ப ஒரு பெட்டிக்குள் போகும்வரை இரண்டு பக்கத்திலும் வேறு தட்டு எடுக்க முடியாது. அந்தத் தட்டு கையில் இல்லாமல் சாரதி ரயிலை அந்தத் துண்டுக்குள் விட மாட்டார். ஒரு நேரத்தில் ஒரு தட்டு, ஒரு ரயில். இவ்வளவுதான் சூத்திரம். எளிமையாக இருக்கிறது, ஆனால் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும்!

பார்க்க வேண்டியது கைமாற்றும் காட்சி. தட்டை ஒரு தோல் பையில் போட்டு, ஒரு பெரிய வளையத்தில் மாட்டியிருப்பார்கள். நிற்காத ரயில் வந்தால் ஸ்ரேசன் ஆள் மேடை விளிம்பில் கையை நீட்டி வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எஞ்சினில் இருப்பவர் தன்னிடம் உள்ள பழைய வளையத்தை மேடையில் எறிந்துவிட்டு, மடக்கிய கையை இதற்குள் விட்டுத் தோளோடு வாங்கிக்கொண்டு போவார். ரயில் வேகமாக வந்தால் கைக்கு நல்ல அடி விழும். எறிந்த வளையம் மேடையில் உருண்டு போக, அதைப் பிடிக்க ஒருவர் பின்னால் ஓடுவார்.

கைகாட்டி மரங்கள், இரவில் அதற்கு விளக்கேற்றும் ஆள், சின்னத் தடித்த மட்டையில் திகதி குத்திக் கொடுக்கும் ரிக்கற் எல்லாம் அதே உலகத்தைச் சேர்ந்தவை. மட்டை ரிக்கற் இன்னும் முழுதாகப் போகவில்லை. புதுப் பாதையில் கைகாட்டிக்குப் பதில் இப்போது விளக்குச் சமிக்ஞை.

ரயில் எப்போது நின்றது?

ஒரே நாளில் நின்றுவிடவில்லை. 1980களின் நடுவிலிருந்தே பயணம் பயமாகிவிட்டது. 1985 ஜனவரி 19 அன்று முறிகண்டியில் யாழ்தேவி குண்டுவைத்துத் தாக்கப்பட்டது. படையினரும் பொதுமக்களுமாகப் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. 1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியதும் 13ஆம் திகதியோடு யாழ்ப்பாணச் சேவை முடிந்தது. வவுனியா கடைசி ஸ்ரேசன் ஆகியது. தாண்டிக்குளம் அதற்கு அடுத்தது. அந்த ஒரு ஸ்ரேசன் வித்தியாசம் என்ன செய்தது என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

1990க்குப் பிறகு தாண்டிக்குளம் என்றாலே சோதனைச்சாவடிதான் என்கிறார்களே, ஏன்?

ஏனென்றால் கோடு இங்கேதான் விழுந்தது. வவுனியா டவுன் அரசாங்கக் கட்டுப்பாட்டில். வடக்கே வன்னி புலிகளின் கட்டுப்பாட்டில். நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலம். தொண்ணூறுகளின் முதற்பாதியில் அதைக் கடக்கும் வாசல் தாண்டிக்குளம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போக வேண்டிய ஒருவரின் பாதையை எண்ணிப் பாருங்கள். ஆனையிறவில் இராணுவ முகாம், அந்தப் பக்கம் போக முடியாது. ஆகவே கிளாலியில் இரவு படகேறிக் கடல்நீரேரியைக் கடக்க வேண்டும். வன்னிக்கரையில் இறங்கி, மண்ணெண்ணெயில் ஓடும் பழைய கார், உழவு இயந்திரப் பெட்டி, சைக்கிள் என்று கிடைத்ததில் தெற்கே வர வேண்டும். கடைசித் துண்டை நடந்து கடந்து தாண்டிக்குளத்தில் வரிசையில் நிற்க வேண்டும். பையைக் கொட்டிக் காட்ட வேண்டும், அடையாள அட்டை, விசாரணை. அப்புறம் வவுனியாவில் பாஸ். ஒரு நாள் பாஸ், கிழமைப் பாஸ், மாதப் பாஸ் என்று வகை வகையாக. டவுனில் தங்கப் பிணை நிற்க ஒரு ஆள் வேண்டும், கொழும்புக்குப் போக வேறு அனுமதி வேண்டும். எல்லாம் சரிவந்தால் வவுனியா ஸ்ரேசனில் ரயில். முந்தி யாழ்ப்பாணத்தில் ஏறினால் ஒரு தூக்கத்தில் முடிந்த பயணம் இது.

சரிவராதவர்கள் பூந்தோட்டம், நெளுக்குளம், சிதம்பரபுரம் முகாம்களில் இருந்தார்கள், சிலர் வருசக்கணக்கில். லொட்ஜுகளில் பணம் தீரும்வரை இருந்து திரும்பிப் போனவர்களும் உண்டு.

மற்றப் பக்கமாகப் போனது சாமான். அதிலும் தடைப்பட்டியல் ஒன்று இருந்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, பற்றரி, யூரியா போன்றவை போகக் கூடாது. எங்கள் பெரியம்மா ஒருவர் வன்னிக்குத் திரும்பும்போது பேரப்பிள்ளையின் விளையாட்டுக் காருக்குள் கிடந்த இரண்டு பென்ரோர்ச் பற்றரியைச் சாவடியில் கழற்றி எடுத்துவிட்டார்கள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். காரைத் திருப்பித் தந்துவிட்டார்களாம். "அதை வைச்சு நான் என்ன செய்யிறது, உருட்டுறதோ?" என்பார்.

இத்தனைக்கும் நடுவில் ஸ்ரேசனில் ரயில் இல்லை. வரிசையில் நின்றவர்களுக்குத் தாண்டிக்குளம் ஒரு ஸ்ரேசனின் பெயர் என்பதே மறந்துபோயிருக்கும்.

1997இல் இங்கே என்ன நடந்தது?

மே 13 அன்று 'ஜயசிக்குறு' இராணுவ நடவடிக்கை தொடங்கியது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வழியாகத் தரைப்பாதை பிடிப்பது நோக்கம். ஜூன் 10 அன்று புலிகள் தாண்டிக்குளம், நொச்சிமோட்டைப் பகுதிகளில் இருந்த படைமுகாம்கள்மேல் பெரிய எதிர்த்தாக்குதல் நடத்தினார்கள். அந்த நடவடிக்கை 1998 டிசம்பர்வரை இழுபட்டுக் கைவிடப்பட்டது. பாதை திறக்கவில்லை. சனம் போக்குவரத்துக்கு மன்னார்ப் பக்க வழிகளைத் தேட வேண்டியதாயிற்று.

தண்டவாளங்களெல்லாம் எங்கே போயின?

பங்கருக்குள். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை, இரண்டு தரப்பும் எடுத்தன. நல்ல வைரமான சிலிப்பர் கட்டையும் இரும்புத் தண்டவாளமும் பதுங்குகுழிக் கூரைக்கு வாய்ப்பானவை. செல் விழுந்தாலும் தாங்கும். மேலே மண்மூட்டை அடுக்கினால் வேலை முடிந்தது. மிஞ்சியதைச் சனமும் எடுத்தது: மதகுக்குக் குறுக்கே போட, கேற்றுக்குத் தூணாக நிறுத்த, மாட்டுக்கொட்டிலுக்கு வளையாக வைக்க.

வன்னிப் பள்ளிக்கூடங்களில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முழம் நீளம், மேலே ஓட்டை போட்டுச் சங்கிலியில் கட்டி, வேப்பமரக் கொப்பில் தொங்கவிட்டிருக்கும். அடிப்பதற்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய போல்ற். உடம்பு முழுக்கத் துரு, அடி விழும் ஓரம் மட்டும் வெள்ளி மாதிரி மின்னும். அந்தச் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

பாதை இருந்த மண்மேடு மட்டும் அப்படியே கிடந்தது. அது ஒற்றையடிப் பாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் ஆனது. சில இடங்களில் அதை ஒட்டிக் குடிசைகள் வந்தன. அந்தக் கதை இன்றைக்கும் முடியவில்லை, கீழே காணி பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

2002இல் ஏ9 திறந்தபோது ரயிலும் வந்திருக்கலாமே?

தார்வீதிக்குக் குழியை மூடினால் பஸ் ஓடும். ரயிலுக்குத் தண்டவாளம் வேண்டும், பாலம் வேண்டும், இரண்டு பக்கமும் கண்ணிவெடி அகற்ற வேண்டும், அதற்கெல்லாம் மேலே யாருடைய ரயில் என்ற உடன்பாடு வேண்டும். சோதனைச்சாவடிகள்கூட ஓமந்தையில் ஒன்று, புளியங்குளத்தில் ஒன்று என்று இருந்த காலம். 2006 ஆகஸ்டில் ஏ9 வீதியே மூடப்பட்டுவிட்டது.

யுத்தம் முடிந்து முதல் ரயில் தாண்டிக்குளத்துக்குத்தான் வந்ததாமே?

ஆம். 2009 ஜூன் 6. யுத்தம் முடிந்ததாக அறிவித்து மூன்று கிழமை ஆகவில்லை. வவுனியாவுக்கு அடுத்த ஒரேயொரு ஸ்ரேசன் தூரம் பாதையைச் சரிசெய்து, யாழ்தேவி என்ற பெயரோடு ரயில் கொண்டுவந்தார்கள். பெயர்தான் யாழ்தேவி, யாழ்ப்பாணத்துக்கு இன்னும் 140 கிலோமீற்றருக்கு மேல் இருந்தது.

அந்த நாட்களில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலும் வவுனியாவின் பாடசாலைகளிலும் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் வன்னிச் சனம் முட்கம்பிக்குள் இருந்தது. வெளியே வந்துபோக அனுமதி டிசம்பரில்தான் கிடைத்தது. யாருக்காக அந்த ரயில் விடப்பட்டது என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. நான் அந்த ரயிலைக் குறை சொல்லவில்லை, பாதை எங்கோ ஓரிடத்தில் தொடங்கத்தானே வேண்டும். ஆனால் கொடி, மாலை, தேங்காய் உடைத்தல் எல்லாம் நடந்த இடத்துக்கும் முகாமுக்கும் இடையே இருந்த தூரம் அதிகமில்லை என்பதையும் சேர்த்துத்தான் இந்தத் திகதியை எழுத வேண்டும்.

அதற்குப் பிறகு எந்த ஸ்ரேசன் எப்போது திறந்தது?

ஓமந்தை 2011 மே 27. கிளிநொச்சி 2013 செப்டம்பர் 14. பளை 2014 மார்ச் 4. யாழ்ப்பாணம் 2014 ஒக்ரோபர் 13. காங்கேசன்துறை 2015 ஜனவரி 2.

செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகள் இதற்குப் பக்கத்தில் இன்னொரு பட்டியலையும் எழுதிப் பாருங்கள். வடமாகாண சபைத் தேர்தல் 2013 செப்டம்பர் 21. ஜனாதிபதித் தேர்தல் 2015 ஜனவரி 8. கிளிநொச்சிக்கு ரயில் வந்து ஒரு கிழமையில் ஒன்று, காங்கேசன்துறைக்கு வந்து ஆறு நாளில் மற்றது. ரயில் வந்தது நல்ல விசயம், சனம் ஏறிப் போனது. வாக்கை மட்டும் தங்கள் இஷ்டப்படி போட்டது. இரண்டு தேர்தலிலும் ரயிலைத் திறந்துவைத்த தரப்பு வடக்கில் தோற்றது.

பளையைக் கவனித்தீர்களா? 1902இல் வடக்கிலிருந்து வந்த பாதை நின்ற இடமும் அது, 2014இல் தெற்கிலிருந்து வந்த பாதை சில மாதங்கள் நின்ற இடமும் அது.

ஓமந்தைக்கு அங்கால் ரயில் பறந்ததே, இங்கே மட்டும் ஏன் முந்தி மெதுவாக ஊர்ந்தது?

நல்ல கேள்வி. இந்தப் பாதையில் ஓமந்தை ஒரு ஒட்டு. அதற்கு வடக்கே பாதை அடியோடு இல்லாமல் போயிருந்தது. அதனால் இந்தியக் கடனில், இந்திய நிறுவனமான இர்கொன் அதைப் புதிதாகப் போட்டது. கொங்கிறீற் சிலிப்பர், புதுத் தண்டவாளம், மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் மேல் ஓடக்கூடிய பாதை. தெற்கே, தாண்டிக்குளம் இருக்கும் துண்டு, இலங்கை ரயில்வே திணைக்களம் அவசரமாகத் திருத்திப் போட்டது. அதற்குத் தெற்கே இருந்ததோ நூறு வருசப் பழைய பாதை. எல்லாமே அழிந்துபோன இடத்துக்குப் புதுப் பாதை கிடைத்தது, அரைகுறையாய்த் தப்பிய இடத்துக்கு ஒட்டுப்போட்ட பாதை. பலருக்கு யுத்தத்துக்குப் பிறகு வீட்டுத்திட்டத்திலும் இதே அனுபவம்தான்.

அந்தக் குறை பிறகுதான் தீர்ந்தது. மாகோவிலிருந்து ஓமந்தை வரை 128 கிலோமீற்றரை 9 கோடி 12 இலட்சம் டொலர் அளவான இந்தியக் கடனில் புதுப்பித்தார்கள். அதற்காக 2023 ஜனவரியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே சேவை நிறுத்தப்பட்டு ஜூலையில் மறுபடி தொடங்கியது. அந்த அரை வருசமும் தாண்டிக்குளத்தில் மறுபடி ரயில் இல்லை, இந்த முறை நல்ல காரணத்துக்காக. அதன்பிறகு தெற்கே மாகோ–அநுராதபுரம் துண்டில் வேலை நடந்தது. முழுப் பாதையும் சேர்த்து 2025 ஏப்ரலில் அநுராதபுரத்தில் வைத்து இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் அதிகாரபூர்வமாகத் திறந்துவைத்தார்கள்.

தலைமன்னார் ரயில் இந்த வழியாகவா போகிறது?

இல்லை. அது மதவாச்சியில் பிரிந்து செட்டிகுளம், மடு றோட் வழியாகப் போகும். 1914இல் திறந்த பாதை. அந்தக் காலத்தில் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி மறுபடி ரயில் பிடித்து இந்தியாவுக்குப் போகலாம். 1964 டிசம்பர்ப் புயலோடு தனுஷ்கோடி போய்விட்டது. யுத்தத்துக்குப் பிறகு தலைமன்னார் இறங்குதுறை வரை 2015 மார்ச்சில் திறந்தது.

கொழும்பிலிருந்து வருகிறேன். தாண்டிக்குளத்திலேயே இறங்கலாமா?

நகர்சேர் கடுகதியில் வந்தால் வவுனியாவில் இறங்குங்கள், ஓட்டோவில் வந்துவிடலாம். நேரசூசி அடிக்கடி மாறும், புறப்படும் முன் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்கு எடுத்துக் கேளுங்கள்.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் காணி வாங்கலாமா?

வாங்கலாம், அவசரப்படாதீர்கள். ரயில் இல்லாத கால் நூற்றாண்டில் ரயில்வே ஒதுக்குக் காணி எது, தனியார் காணி எது என்ற எல்லை பல இடங்களில் மங்கிவிட்டது. மண்மேட்டை ஒட்டிக் குடியிருந்தவர்கள் பாதை திரும்ப வந்தபோது எழும்ப வேண்டி வந்தது. உறுதியை மட்டும் பார்க்காமல் நில அளவைப் படத்தையும் எடுத்து, ரயில்வே ஒதுக்கு எங்கே முடிகிறது என்று உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு பார்ப்பியுங்கள். "பழைய லைன்தானே" என்று விற்பவர் சொன்னால் இரண்டு மடங்கு கவனம்.

கடவைகளில் ஏன் இவ்வளவு விபத்து?

மூன்று காரணம் சேர்ந்து வருகிறது. ஒன்று, முந்தி ஊர்ந்த ரயில் இப்போது வேகமாக வருகிறது, தூரத்தில் பார்க்கும்போது அந்த வேகம் விளங்காது. இரண்டு, ஒரு தலைமுறை ரயிலே இல்லாமல் வளர்ந்தது. தண்டவாளத்தைக் கண்டால் நின்று இரண்டு பக்கமும் பார்க்கும் பழக்கம் எங்களில் பாதிப்பேருக்கு இல்லை. மூன்று, எல்லாக் கடவையிலும் படலை கிடையாது. இருக்கும் கடவைகள் பலவற்றில் காவல் நின்றவர்கள் பொலிஸ் ஊடாகச் சேர்க்கப்பட்ட தற்காலிக ஊழியர்கள், நாளொன்றுக்கு 250 ரூபாய்க் கொடுப்பனவில். மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டில்கூட இல்லாத இடத்தில், ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் காணாத காசுக்கு, உயிரைக் காக்கும் வேலை. நிரந்தரமாக்கக் கேட்டுப் பலமுறை வேலைநிறுத்தம் செய்தார்கள்.

2018 செப்டம்பரில் ஓமந்தை பன்றிக்கெய்தகுளத்தில் காரொன்றும், 2019 ஜூனில் கிளிநொச்சியில் இராணுவ வாகனமொன்றும் ரயிலோடு மோதி உயிர்கள் போயின. மோட்டார்சைக்கிளில் காதில் ஹெட்போனோடு கடவைக்கு வருபவர்களுக்கு ஒன்றே ஒன்று: கழற்றுங்கள். டீசல் எஞ்சின் ஹோர்ன் அடித்துத்தான் வரும், கேட்கக் காது வேண்டும்.

வீட்டில் பழைய ரிக்கற், படம், பாஸ் துண்டு இருக்கிறது. யாருக்காவது பயன்படுமா?

கட்டாயம் பயன்படும், எறிந்துவிடாதீர்கள். தொண்ணூறுகளின் பாஸ் துண்டுகளை வவுனியாவை விட்டுப் போகும்போதே கிழித்துப் போட்டவர்கள்தான் அதிகம், மிஞ்சியிருப்பது கொஞ்சம். ஆவணங்களை எண்ணிமமாக்கிப் பாதுகாக்கும் நூலக நிறுவனத்தோடு தொடர்புகொள்ளலாம். அவர்கள் வாய்மொழி வரலாறும் பதிகிறார்கள், ஆகவே ரயில்வேயில் வேலை செய்த தாத்தாமார் வீட்டில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ரயில்வேப் பொருட்கள் என்றால் கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் திறந்த தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் இருக்கிறது.

கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால், எந்த ஸ்ரேசன், ஏறத்தாழ எந்த ஆண்டு, நிற்பது யார் என்று எழுதி வையுங்கள். பேனையால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும். ரிக்கற்றுகளை லமினேற் செய்ய வேண்டாம், அந்தச் சூட்டில் மட்டையில் குத்திய திகதி மங்கிப் போகக்கூடும். ஒரு கடித உறையில் போட்டு அலுமாரியில் வைத்தாலே போதும்.